காயில் ஃபோர்க்கை மாற்றி இரண்டு மழைக்காலம்: ஏர் ஃபோர்க் அனுபவம்

மலைச் சைக்கிளுக்கு ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் கவை) மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது டிராவல், அதாவது அது அமுங்கும் தூரம், எத்தனை மில்லிமீட்டர் என்றுதான். குன்னூரைச் சுற்றியுள்ள எஸ்டேட் பாதைகளில் இரண்டு மழைக்காலம் ஓட்டியபின் அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தைத்தான்.

என் சைக்கிளோடு வந்தது சுருள் ஸ்பிரிங் உள்ள 100 மி.மீ. காயில் ஃபோர்க், இரண்டரை கிலோவுக்கு மேல் எடை. நான் 58 கிலோ. அதிலிருந்த ஸ்பிரிங் என்னைவிடக் கனமான ஆளுக்கானது. பாதி டிராவலுக்கு மேல் அது அமுங்கியதே இல்லை. ப்ரீலோட் குமிழைத் திருகினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. ப்ரீலோட் ஸ்பிரிங்கின் தொடக்க அழுத்தத்தை மாற்றும், அதன் விறைப்பைத் தொடாது. இதைவிடப் பெரிய குறை, ரீபவுண்ட் கட்டுப்பாடு இல்லாதது. இறக்கத்தில் அடுத்தடுத்துக் கற்கள் வந்தால், அமுங்கிய ஃபோர்க் விருட்டென்று எழும்பிக் கைப்பிடியைத் தூக்கும். டயர் மண்ணைப் பிடிப்பதற்குள் அடுத்த கல் வந்துவிடும்.

தேர்வில் என் கையைக் கட்டிப்போட்டது ஃப்ரேம்தான். அதற்குப் பொருந்துவது 28.6 மி.மீ. நேர் ஸ்டியரர் (ஃபோர்க்கின் மேல்குழாய்), 9 மி.மீ. ஆக்சில் (சக்கர அச்சு). இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்பக்கம் ஒன்றரை அங்குலம் விரியும் டேப்பர் ஸ்டியரரும் 15 மி.மீ. ஆக்சிலும் இருக்கும். ஸ்டியரர் நுழையும் ஃப்ரேம் குழாயான ஹெட் டியூபின் உள்விட்டம் 44 மி.மீ. என்றால் வெளியே உட்காரும் கீழ் பேரிங் கப் போட்டு டேப்பரை மாட்டலாம். 34 மி.மீ. என்றால் வழியே இல்லை. ஆக்சில் மாறினால் முன்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பும் மாற வேண்டும், பட்ஜெட் அங்கேயே எகிறிவிடும். இதையெல்லாம் அளந்து பார்த்துத்தான் நேர் ஸ்டியரரில் கிடைத்த ராக்‌ஷாக்ஸ் ஜூடி சில்வர் டி.கே., 100 மி.மீ. ஏர் ஃபோர்க்கை எடுத்தேன். இதில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று. இதன் உள்குழாய்கள் 30 மி.மீ. விட்டம். நான் 80 கிலோ இருந்திருந்தால் 32 மி.மீ. குழாயுள்ள, அதே நிறுவனத்தின் ரீகானுக்குப் போயிருப்பேன். 120 மி.மீ. ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் 20 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் (ஹெட் டியூபின் சாய்வு) ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும், முன்பக்கம் உயரும், செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். 100 மி.மீ.க்கு வடிவமைத்த ஃப்ரேமுக்கு அது வேண்டாம் என்று விட்டேன்.

ஏர் ஃபோர்க்கின் அருமை அதற்குக் காற்றடிக்கும் ஷாக் பம்ப்பை மாட்டியதும் தெரியும். டயர் பம்ப் இதற்கு உதவாது. ஃபோர்க்கின் கீழ்க்காலில் (உள்குழாய் நுழையும் வெளிக்குழாய்) ஒட்டியிருக்கும் எடை அட்டவணையில் தொடங்கி, பை, தண்ணீரோடு ஏறி நின்றால் 20 மி.மீ. அமுங்கும்படி காற்றை வைத்தேன். அப்புறம் ரீபவுண்ட். ஒரே இறக்கத்தில் ஒவ்வொரு கிளிக்காக மாற்றி ஓட்டிப் பாருங்கள். கைப்பிடி உதைத்தால் மெதுவாக்க வேண்டும். தொடர் கற்களில் ஃபோர்க் எழாமல் தாழ்ந்துகொண்டே போனால் வேகமாக்க வேண்டும். எனக்கு இந்த அரைமணி நேர வேலை கொடுத்த வித்தியாசம் புது ஃபோர்க் கொடுத்ததைவிடக் குறைவல்ல.

கட்டபெட்டுப் பக்கம் கல் பாவிய தேயிலைத் தோட்டப் பாதையில் முன்பு பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் மரத்துப்போகும். இப்போது கீழே வந்தும் கை தெளிவாக இருக்கிறது, முன்சக்கரம் நான் பார்க்கும் திசையில் போகிறது. தார்ச்சாலை ஏற்றத்தில் எடை குறைந்ததைத் தவிரப் பெரிய மாற்றம் இல்லை. சாலையில் மட்டும் ஓட்டுபவர் இந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையத்தில் காற்றடித்துக் குன்னூர் ஏறுபவர்கள் மேலே வந்து ஒருமுறை அழுத்தத்தைப் பார்க்கவும். குளிர் காற்றழுத்தத்தைக் குறைக்கும், உயரம் கொஞ்சம் கூட்டிக் காட்டும். பெரிய வித்தியாசம் வராது, ஆனால் என்னைப் போன்ற எடை குறைந்தவர்களுக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ.கூடத் தெரியும்.

பராமரிப்புதான் இதன் உண்மையான விலை. கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற நிறுவனம் சொல்லும் கணக்கு 50 மணி நேர ஓட்டம். தென்மேற்குப் பருவமழையில் செம்மண் சேறு உள்குழாயைச் சுற்றியுள்ள ரப்பர் சீலில் ஏறும் மாதங்களில் நான் அதற்கு முன்பே செய்துவிடுகிறேன். ஓட்டி முடித்ததும் உள்குழாயை ஈரத்துணியால் துடையுங்கள். பிரஷர் வாஷரை சீல் பக்கம் காட்டவே காட்டாதீர்கள். வாங்கும் முன் சர்வீஸ் செய்யத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்து வையுங்கள், ஃபோர்க்கோடு ஒரு சீல் கிட்டையும் சேர்த்து ஆர்டர் போடுங்கள். மழை தொடங்கியபின் தேடினால் அது கைக்கு வரும்வரை சைக்கிள் வீட்டில்தான் நிற்கும்.