ஒழுகும் கேட்வால்வைத் திருத்துவதா, போல்வால்வு போடுவதா?

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டருக்கு நேர் மேலே ஒரு பித்தளைக் கேட்வால்வு இருக்கிறது. சக்கரத்தைச் சுற்ற, உள்ளே ஒரு கதவு ஏறி இறங்கித் தண்ணீரைத் திறந்து பூட்டும் வகை. போன ஆவணியில், மோட்டர் ஓடும் நேரமெல்லாம் அதன் கைச்சக்கரத்தடியில் தண்ணீர் கசிந்தது. சொட்டு விழுந்த இடம் மோட்டரின் வயர்ப் பெட்டி. தண்ணீர் வீணாவதைக்கூட நாலு நாள் பொறுக்கலாம், இதைப் பொறுக்க முடியாது.

"பழசைக் கழட்டி எறிஞ்சிட்டு போல்வால்வு போடு தம்பி, எத்தினை நாளைக்கு இதோட மினக்கெடப் போறாய்?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. போல்வால்வு என்றால் உள்ளே துளையுள்ள ஒரு பந்து திரும்பித் திறந்து பூட்டும் வகை. கடையிலும் அதையேதான் சொன்னார்கள். நான் உடனே மாற்றவில்லை. எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்காமல் வால்வு வாங்கப் போவது காசுக்குக் கேடு.

சக்கரத்தைத் தாங்கும் தண்டைச் சுற்றி ஒழுகினால் வால்வு பழுதில்லை. உள்ளே தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் திரி தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். தண்டைச் சுற்றியிருக்கும் நட்டை ஸ்பானரால் கால் சுற்று இறுக்கினால் பல நேரம் நின்றுவிடும். எனக்கும் நின்றது, இரண்டு கிழமைக்கு. பிறகு திரும்பவும் சொட்டத் தொடங்கியது. சரி என்று மெயின் சுவிட்சை நிறுத்தி, மேலே குழாயில் நிற்கும் தண்ணீர் பீறிட்டு வருமென்பதால் மோட்டரைப் பொலித்தீனால் மூடிவிட்டு நட்டைக் கழற்றினேன். பழைய திரி கறுப்புத் தூளாகக் கையில் உதிர்ந்தது. குழாய் மரையில் சுற்றும் வெள்ளை த்ரெட் டேப்பை நூல்போல் முறுக்கி, நட்டு இறுகும் பக்கமாகவே தண்டில் மூன்று சுற்றுச் சுற்றி, சின்னத் திருப்புளியால் உள்ளே அழுத்தி, நட்டைப் பூட்டினேன். அரை மணி நேர வேலை, டேப் காசு மட்டும். ஒன்று மட்டும் கவனம்: நட்டை மிஞ்சி இறுக்கினால் சக்கரம் திரும்பாது, திரியும் கெதியாகத் தேயும்.

ஆனால் சக்கரத்தைச் சுற்றி வால்வைப் பூட்டிய பிறகும் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் கதை வேறு. உள்ளே ஏறி இறங்கும் கதவு சரியாக உட்காரவில்லை. எங்கள் பக்கத்துத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுண்ணாம்பு வால்வுக்குள்ளும் படியும், மணல் வந்தால் அதுவும் சேரும். இதற்குத் திரி மாற்றிப் பயனில்லை. புது வால்வுதான், இங்கேதான் போல்வால்வு முந்துகிறது.

அதன் நன்மை கண்ணுக்குத் தெரியும். கால் சுற்றில் திறக்கும், பூட்டும். பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் பூட்டியிருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லலாம். ஆனால் சட்டென்று அடித்துப் பூட்டினால் குழாய் "டம்" என்று அதிரும், மூட்டுகள் தளரும். மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் சுண்ணாம்பு பிடித்து இறுகிவிடும். உள்ளே பந்தை அணைக்கும் வெள்ளை வளையத்தில் மணல் கீறினால் நம்மால் திருத்தவும் முடியாது.

பிளாஸ்டிக் போல்வால்வு மலிவு. நிழலில் நல்லது. வன்னி வெயிலில் வெளியே நின்றால் பிடி உலர்ந்து ஒடியும், அண்ணை வீட்டில் இரண்டாம் வருடமே ஒடிந்தது. அதோடு பசை போட்டு ஒட்டியதைக் கழற்ற வழியில்லை, குழாயை வெட்டத்தான் வேண்டும். பித்தளை விலை கூட, ஆனாலும் வெயிலில் நிற்கும் இடத்துக்கு என் தெரிவு அதுதான். பித்தளை மரையைப் பிளாஸ்டிக் சொக்கெட்டுக்குள் பலமாக முறுக்க வேண்டாம், சொக்கெட் வெடிக்கும்.

எதைப் போட்டாலும் மோட்டரின் இரண்டு பக்கமும் யூனியன், அதாவது குழாயை வெட்டாமல் கழற்றிப் பூட்டும் இணைப்பு, போடுங்கள். லண்டனில் இருக்கும் மச்சான் வீட்டில் சுடுதண்ணீர் குழாய்களில் ஓடி அறைகளைச் சூடாக்குகிறது. அந்தத் தண்ணீரை ஓட்டும் பம்புக்கு இரு பக்கமும் வால்வும் யூனியனும் இருக்கின்றன. அந்தக் குழாய்களில் உள்ள தண்ணீர் முழுவதையும் வடிக்காமல் பம்பை மட்டும் கழற்ற அந்த ஏற்பாடு. அவருக்கும் ஒழுகியது வால்வின் தண்டடியில்தான்.

கடைசியில் எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. மோட்டருக்கு மேலே பழைய கேட்வால்வு, புதுத் திரியோடு. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, தினமும் திறந்து பூட்டும் இடத்தில், பித்தளைப் போல்வால்வு. கேட்வால்வை முழுதாகத் திறந்தே வைத்திருக்கிறோம். அரைகுறையாகத் திறந்து தண்ணீரைக் குறைத்தால் கதவு அதிர்ந்து தேயும்.

அப்புறம், காலையில் மோட்டர் உறுமியும் தண்ணீர் ஏறாமல், தினமும் ஒரு செம்பு ஊற்றித்தான் இழுக்க வேண்டியிருந்தால் மேலே எந்த வால்வையும் தொடாதீர்கள். கிணற்றுக்குள் உறிஞ்சும் குழாயின் அடியில், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் புட்வால்வு தண்ணீரைப் பிடிக்கவில்லை, அல்லது அந்தக் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. அந்தப் பக்கம் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள். புரட்டாதியில் கிணறு வற்றி நிற்கும்போது புட்வால்வைத் தூக்கிப் பார்ப்பது லேசு. மழை தொடங்கிவிட்டால் கிணறு திரும்ப வற்றும் வரை காத்திருக்க வேண்டும்.