வீட்டுக் கல்வியும் பத்தாம் வகுப்புத் தேர்வும்: மூன்று வழிகளின் ஒப்பீடு

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க முடிவெடுக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர், முதல் வாரத்திலேயே பாடப்புத்தகங்களையும் கால அட்டவணையையும் தேடத் தொடங்குகிறார்கள். அந்தக் குழந்தை பதினான்கு, பதினைந்து வயதில் எந்த வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதப் போகிறது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏழு வயதில் எதைக் கற்பிப்பது என்பதில் நேரும் தவறை அடுத்த மாதமே திருத்திக்கொள்ளலாம். தேர்வு வழியைப் பிந்தி யோசித்தால் ஓராண்டு கைவிட்டுப் போகும்.

சட்டத்தைப் பற்றிய அச்சம் முதலில் நீங்க வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொன்னாலும், அதற்காகப் பெற்றோருக்குத் தண்டனை எதையும் வகுக்கவில்லை. தாமாக விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுப்போருக்கு இச்சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய அரசே 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆனால் வீட்டுக் கல்வியை முறைப்படுத்தும் தனிச் சட்டமும் இங்கு இல்லை. வீட்டில் படித்த ஆண்டுகளுக்கு எந்த அலுவலகமும் சான்று தராது என்பதால், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழே கல்வி குறித்த முதல் பெரிய ஆவணமாக அமைகிறது.

அதைப் பெற நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன: தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ், மாநிலப் பாடத்திட்டத்தில் பள்ளியில் சேராமலே தேர்வெழுதும் தனித்தேர்வர் முறை, பத்தாம் வகுப்புக்கு ஈடாகப் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் அமைப்பு நடத்தும் பன்னாட்டுத் தேர்வான ஐஜிசிஎஸ்இ. சிபிஎஸ்இயை நான் சேர்க்கவில்லை. பள்ளியில் பதிவு இல்லாத பிள்ளை அதன் பத்தாம் வகுப்புத் தேர்வை முதன்முறையாக நேரடியாக எழுத, சில குறிப்பிட்ட பிரிவினரைத் தவிர மற்றவர்களுக்கு வழியில்லை.

என்ஐஓஎஸ் 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற பெயரில் தொடங்கி, 2002இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 14 வயது நிறைந்திருந்தால் பத்தாம் வகுப்பில் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குக் கற்றிருக்கிறேன் என்ற சுய அறிவிப்பு போதும். பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஒரு மொழியாவது இடம்பெறும் ஐந்து பாடங்களில் 33 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. கணிதத்தையும் அறிவியலையும் கட்டாயமாக்காமல், ஓவியம், மனையியல் போன்றவற்றையும் முழுப் பாடங்களாகவே இந்த நிறுவனம் ஏற்கிறது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில், பொதுத் தேர்வு நடைபெறும். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளும் ஒன்பது வாய்ப்புகளும் கிடைக்கின்றன. தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், இந்தப் பருவத்தில் இரண்டு, அடுத்த பருவத்தில் மூன்று என்று பிரித்தும் எழுதலாம். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும், விளையாட்டிலோ நடனத்திலோ நாளின் பெரும்பகுதியைச் செலவிடுவோருக்கும் இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, மார்ச் மாதப் பதற்றத்தைப் பார்த்த எந்தப் பெற்றோரும் உணர்வார்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தின் வழி இதற்கு நேர்மாறாகப் படிப்படியாகச் செல்வது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கென நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வை எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். அதில் தேறியபின், 14½ வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நேரடித் தனித்தேர்வராக விண்ணப்பிக்கலாம். அறிவியலுக்கு, குறித்த பள்ளியில் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து கலந்துகொள்வதும் கட்டாயம். விண்ணப்பிக்கும் நாளைத் தவறவிட்டால் அந்தத் தேர்வு வாய்ப்பை இழக்க நேரலாம். பாடங்களில் தேர்வுரிமையும் இல்லை: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஐந்தையும் எழுதியாக வேண்டும்.

இவ்வளவு இறுக்கம் இருந்தும் இந்த வழியை நான் தள்ளிவைக்க மாட்டேன். மூன்றில் மிகக் குறைந்த செலவு இதற்குத்தான். பாடநூல்கள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் வழியில் கற்கும் பிள்ளைக்கு அந்த நூல்களும் வழிகாட்டிகளும் பழைய வினாத்தாள்களும் கிடைப்பதுபோல் மற்ற இரு வழிகளிலும் கிடைப்பதில்லை. வீட்டில் தமிழிலேயே சிந்தித்து வளர்ந்த பிள்ளையை, தேர்வின் வசதிக்காகப் பதின்மூன்று வயதில் ஆங்கிலத்துக்கு மாற்றுவது அநியாயம் என்றே சொல்வேன்.

ஐஜிசிஎஸ்இ 1988 முதல் நடைமுறையில் உள்ளது. வயது வரம்பு இல்லை. இந்தியாவில் மார்ச், ஜூன், நவம்பர் என மூன்று பருவங்கள் உண்டு. ஆய்வகம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி, செய்முறைத் தேர்வுக்கு ஈடாக எழுத்துத் தாள் ஒன்றும் இருக்கிறது. மனப்பாடத்தைவிடப் புரிதலைச் சோதிக்கும் வினாக்கள் என்பதால், வாசிப்பில் ஊறிய பிள்ளைகள் இதை விரும்பி எழுதுவார்கள். ஆனால் ஒரு பாடத்துக்கான கட்டணமே பல ஆயிரம் ரூபாய். வெளி மாணவரை ஏற்கும் தேர்வு மையத்தைப் பெற்றோரே தேடிப் பிடிக்க வேண்டும். சிறு நகரக் குடும்பமானால் அது வேறோர் ஊரில்தான் இருக்கும். பிள்ளை வெளிநாட்டில் படிக்கப் போவது ஏறத்தாழ உறுதி என்றால் மட்டுமே இச்செலவு தகும்.

மருத்துவப் படிப்பைப் பற்றிய கேள்வி எல்லாரும் கேட்பது. திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதக் கூடாது என்ற விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது. 2024இல் உச்ச நீதிமன்றத்திலும் அவர்களின் தகுதி உறுதியானது. ஆகவே என்ஐஓஎஸ் வழியில் வந்தால் மருத்துவராக முடியாது என்ற பழைய பேச்சை இனிப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஓர் இழப்பு உண்டு. அதை மறைத்து யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதலும் கிடைக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வீட்டுக் கல்விப் பிள்ளைக்கு இல்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்தில், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை ஆறாம் வகுப்புக்குப் பின் வெளியே எடுப்பதென்றால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின்பே எடுக்க வேண்டும்.

என் பரிந்துரை இதுதான். பதினொரு வயது வரை எந்த வாரியத்தையும் நினைக்காமல் வாசிப்பும் கணக்கும் கைவேலையுமாகக் கற்பியுங்கள். பன்னிரண்டில் பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள். தமிழ் வழி என்றால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு உடனே ஆயத்தமாகுங்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு என்ஐஓஎஸ் போதும். பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்துபவர்கள் மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கி, பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருப்பதை அன்றே சரிபாருங்கள். 8 முதல் 12 வரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தேவைப்படாத பிறப்பிடச் சான்றிதழ், பொறியியல் கலந்தாய்வில் உங்கள் பிள்ளைக்குத் தேவைப்படும். இ-சேவை மையத்தில் அதற்கான விண்ணப்பத்தைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.