ஸ்ட்ராங் கிரிப்பா, நியூட்ரல் கிரிப்பா? முதலில் கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள்

கோல்ஃபில் பந்து வலது பக்கம் வளைந்தால் "கிரிப்பை (பிடியை) ஸ்ட்ராங்காக்கு", இடது பக்கம் வளைந்தால் "வீக்காக்கு". மூணாறு மேட்டில் மட்டைப் பை சுமக்கும் கேடி (caddie) அண்ணனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். சொல்வது தப்பில்லை. ஆனால் எந்தக் கைக்கு எது என்பதை யாரும் பார்ப்பதில்லை. (கீழே உள்ளது வலது கை ஆட்டக்காரருக்கு, இடக்கைக்காரர்கள் மாற்றிப் படிக்கவும். இடது கையை வலமாகத் திருப்பி, மேலிருந்து மூன்று விரல் முட்டி தெரியப் பிடித்தால் ஸ்ட்ராங்; இரண்டு தெரிந்தால் நியூட்ரல்; அதற்கும் குறைந்தால் வீக்.)

மணிக்கட்டு தானாகச் சுழலாது. உள்ளங்கை திரும்புவது, முழங்கைக்குக் கீழே ஆரை எலும்பு அல்னா எலும்பின் மேல் புரள்வதால்தான். மணிக்கட்டுக்கு உள்ள வேலை இரண்டு. முன்னும் பின்னும் மடங்குவது ஒன்று, பக்கவாட்டில் சாய்வது மற்றொன்று. கட்டைவிரல் பக்கம் சுமார் 20 டிகிரிதான் சாயும். சுண்டுவிரல் பக்கம் 30 முதல் 40 வரை போகும்.

இப்போது சோதனை. 5 அயர்ன் (நடுத்தர நீள மட்டை) அடிக்க நிற்பது போல இடுப்பை மடக்கி, கிளப் (மட்டை) இல்லாமல், இடது கையைத் தளரவிட்டு இரண்டு முறை உதறுங்கள். மேலிருந்து பார்க்கும்போது எத்தனை விரல் முட்டி தெரிகிறது? மூன்று தெரிந்தால் உங்கள் கை உள்பக்கம் திரும்பித் தொங்கும் வகை. இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் நேராகத் தொங்கும் வகை.

இந்த எண்ணிக்கை முக்கியமாவது எதனால்? பந்தைத் தொடும் நேரத்தில் கிளப்பின் வேகம் கையை வெளியே இழுத்து நீட்டிவிடுகிறது. நீண்ட கை, தான் இயல்பாகத் தொங்கும் கோணத்துக்கே திரும்பப் பார்க்கும். மூன்று முட்டிக் கைக்காரர் இரண்டு முட்டி தெரியப் பிடித்தால், அடிக்கும்போது கை வலமாகத் திரும்பி ஃபேஸ் (கிளப்பின் அடிக்கும் முகம்) வலப்பக்கம் திறக்கும், பந்து வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ். இரண்டு முட்டிக் கைக்காரர் மூன்றரை முட்டி தெரியப் பிடித்தால் ஃபேஸ் இடப்பக்கம் மூடும், பந்து இடப்பக்கம் வளையும் ஹூக்.

ஸ்ட்ராங் பிடிக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. கவாத்துக் கத்தியை ஓங்கும் மணிக்கட்டைக் கவனியுங்கள்: கட்டைவிரல் பக்கம் சாயும்போதே சற்றுப் பின்னாலும் மடங்கும், வெட்டும்போது எதிர்ப்பக்கம் வரும். மணிக்கட்டுக்கு மிக இயல்பான பாதை அது. ஸ்ட்ராங் கிரிப்பில் பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் ஓங்குவது) அந்தப் பாதையிலேயே போகும். உச்சியில் மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடங்கிக் குழிந்து தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், ஃபேஸ் நேராகத்தான் இருக்கும். படத்தில் பார்த்த தட்டை மணிக்கட்டை அங்கே திணித்தால் ஃபேஸ் மூடிக்கொண்டு பந்து தாழ்வாக இடப்பக்கம் ஓடும். நியூட்ரல் பிடிக்கு இது தலைகீழ்: உச்சியில் குழிந்தால் ஃபேஸ் திறக்கும், தட்டையாக வைக்கத்தான் வேண்டும். ஸ்ட்ராங்கில் அந்தக் கவலை ஒன்று குறைவு.

ஆனால் மலை மைதானம் வேறு கணக்குக் கேட்கும். பந்து கால்மட்டத்துக்கு மேலே இருந்தால் சரிவே அதை இடப்பக்கம் தள்ளும். அதோடு ஸ்ட்ராங் பிடியும் சேர்ந்தால் இரட்டை வளைவு. கிளப்பை ஓர் அங்குலம் தாழ்த்திப் பிடித்து வலப்பக்கம் குறிவையுங்கள், பிடியை மாற்றாதீர்கள்.

வலது சுண்டுவிரலை இடது கை விரல்கள் மேல் வைக்கும் ஓவர்லாப்பா, இடது ஆள்காட்டி விரலோடு கோர்க்கும் இன்டர்லாக்கா என்ற சண்டை இதில் சின்னது. கோல்ஃப் சாம்பியன்களில் ஹாரி வார்டன் பிடித்தது முன்னது, ஜாக் நிக்லாஸ் பிடித்தது பின்னது. விரல் குட்டையென்றால் இன்டர்லாக் போதும்.

எந்தப் பிடியானாலும் கிளப் உள்ளங்கையில் அல்ல, விரல்களில் படுக்க வேண்டும். உள்ளங்கைப் பிடியில் கட்டைவிரல் பக்கச் சாய்வான அந்த 20 டிகிரியும் முழுதாகக் கிடைக்காது. கிளப்பின் பிடிப்பக்க நுனி உள்ளங்கை மேட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டராவது வெளியே நிற்கட்டும். நுனி உள்ளே அடங்கியிருக்கும்போது தரையில் பலமாக அடித்தால், சுண்டுவிரல் பக்கமுள்ள ஹேமேட் எலும்பின் கொக்கி உடையலாம். அது சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதுண்டு. அங்கே வலி நீடித்தால் சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.