செல்வமகள் சேமிப்புக் கணக்கு: பத்து வருடம் கட்டிய அனுபவம்

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2015 ஏப்ரலில், மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, அஞ்சலகத்தில் இந்தக் கணக்கைத் தொடங்கினேன். மாதம் 2,000 ரூபாய்.

இடையில் ஒரு தவறு செய்தேன். எனக்குச் சம்பளம் 7-ஆம் தேதி. 8-ஆம் தேதி கட்டுவேன். மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் இருக்கும் பணத்துக்குத்தான் அந்த மாத வட்டி என்று, வரிசையில் என் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் சொன்னார். மாங்காய் சீசனில் வந்த ஓவர்டைம் பணத்தில் ஒரு மாதத் தவணையை முன்னதாகப் போட்டு வைத்தேன். அதன்பின் ஒரு மாத வட்டியும் விட்டுப்போகவில்லை.

வட்டி 9.2 சதவீதத்தில் இருந்து 7.6 வரை இறங்கி, 2024 ஜனவரியில் 8.2 ஆனது. நான் கட்டியது 2,40,000. 2025 மார்ச் கடைசியில் பாஸ்புக்கில் 3 லட்சத்து 62 ஆயிரம் சொச்சம். வட்டிக்கு ஒரு பைசா வரி கிடையாது. பாஸ்புக்கில் இருந்த அந்தத் தொகையை மகளிடம் காட்டியபோது அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

சேலத்தில் இன்ஜினியரிங் சீட் கிடைத்ததும் பணம் எடுக்கப் போனேன். முந்தைய நிதியாண்டு இருப்பில் பாதிதான் எடுக்கலாம். அதுவும் கல்லூரி தரும் கட்டணச் சீட்டில் உள்ள தொகை வரைதான். லேப்டாப் அந்தச் சீட்டில் இல்லை. மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கினோம். படிப்புக்கென்று சேர்த்த பணம் கணக்கில் கிடக்க, நகைக்கு வட்டி கட்டுவது எனக்கு இன்னும் வலிக்கிறது. மீதி, கணக்கு தொடங்கி 21 வருடம் ஆனபின், அதாவது 2036-இல். அவள் படித்து முடித்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

இன்னொன்று, வரிச்சலுகை. பழைய வரிமுறையில் 20 சதவீத வரம்பைத் தொட்ட வருடம், என் 24,000-க்கு மிச்சமானது 4,992 ரூபாய். 30 சதவீத வரம்பில் முழு ஒன்றரை லட்சம் கட்டுபவருக்கு 46,800. புதிய வரிமுறையில் இந்த வரிச்சலுகையே இல்லை. கையில் அதிகம் உள்ளவருக்கே அதிகம் கிடைப்பது நியாயமில்லை. அதற்குப் பதில், எங்களைப் போன்றவர்கள் கட்டும் சிறு தொகையோடு அரசு கொஞ்சம் சேர்த்துப் போடலாம்.

பையனுக்கு இதே வட்டி கிடையாது. ஆண் குழந்தைகளுக்கான அஞ்சலக பொன்மகன் கணக்கில் 7.1 சதவீதம்தான். சரி, அதிலும் மாதம் ஆயிரம் போடுகிறேன். பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆகவில்லையென்றால் தாராளமாகத் தொடங்குங்கள், வருடத்துக்கு 250 ரூபாய் இருந்தாலும் போதும். பிறந்த உடனேயே தொடங்கினால், கல்லூரி முடிக்கும் வயதிலேயே முழுப் பணமும் கைக்கு வந்துவிடும்.