மசாலா டீக்குச் சீனியா, கருப்பட்டியா? நாலு வருஷம் மாற்றி மாற்றிப் போட்டுக் குடித்த கதை

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று டீ. காலையில் ஏலக்காய் தட்டிப் போட்டது, சாயங்காலம் சுக்கும் மிளகும், நடுவில் யாராவது வந்தால் அந்தச் சாக்கில் ஒன்று. 2021-இல் அம்மாவுக்குச் சுகர் என்று தெரிந்த அன்றைக்கே சீனி டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறினோம். (எங்கள் பக்கம் வெள்ளையாக இருந்தால் சீனி, பழுப்பாக இருந்தால்தான் சர்க்கரை. சென்னைக்காரர்கள் மன்னிக்கவும்.)

அங்கேதான் முதல் தப்பு. கவுந்தப்பாடிச் சர்க்கரை, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு, வாசனை அருமை, அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் சீனி அளவுக்கு நாக்கில் இனிப்பு ஏறாது, அதனால் ஒரு ஸ்பூன் ஒன்றரை ஆனது, "நாட்டுச் சர்க்கரைதானே, ஒன்றும் செய்யாது" என்று அம்மா நாலாவது டீயும் கேட்க ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் அளவு ஏறியிருந்தது. டாக்டர் திட்டவில்லை, ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை ஸ்பூன் என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தால் ஆறு. சீனியில் கிராமுக்கு 4 கலோரி என்றால் வெல்லம், சர்க்கரை எல்லாம் கிட்டத்தட்ட அதே கணக்குதான், அதில் இருக்கிற இரும்புச்சத்து ஒரு ஸ்பூனில் வந்து என்ன ஆகப்போகிறது?

சரி, சுகர் கதையை விடுங்கள், டீக்கு வருவோம். வெல்லம் போட்டுப் பால் திரிந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். எனக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை. பால் கொதிக்கும்போதே வெல்லத்தைத் தட்டிப் போட்டேன், கண் முன்னாலேயே ஓரத்தில் சின்னச் சின்னத் திப்பியாகப் பிரிந்து, நடுவில் மஞ்சள் தண்ணீர் தெரிந்தது. வெல்லத்தில் இருக்கிற புளிப்பும் உப்புச்சத்தும் கொதிக்கிற பாலைத் திரித்துவிடும். அடுப்பை அணைத்து, கொதி அடங்கி இரண்டு நிமிஷம் கழித்துக் கலந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் மூன்றாவது தடவை குற்றவாளி வெல்லம் இல்லை, இஞ்சி. பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கிற ஒரு நொதி இருக்கிறது. தண்ணீரிலேயே இஞ்சியை நன்றாகக் கொதிக்கவிட்டு அதை அடக்கிய பிறகுதான் பால் ஊற்ற வேண்டும். பாவம், அன்றைக்கு அந்த வெல்லத்தைத்தான் குப்பையில் போட்டேன்.

கருப்பட்டிக்கு வந்தது 2022 கோடையில். சித்தி ஊர் உடன்குடிப் பக்கம், பதநீர் சீசனில் பனையோலைப் பெட்டியில் அனுப்பினார். (அடுத்த வருஷம் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சித்தியே வாங்கிக் கொடுத்த மாதிரி பெருமை.) அப்படியே தட்டிப் போட்டுக் குடித்தால் கடைசி மடக்கில் நறநறவென்று மண் கடிக்கும். அதனால் இப்போது கால் கிலோவை உடைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். துணியில் தங்குவதைப் பார்க்க வேண்டும்: மணல், பனை நார், பதநீர்க் கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் வெள்ளைப் பொடி. இரண்டு வாரம் தாங்குகிறது. அதற்கு மேல் புளித்த வாடை வந்துவிடும்.

ஊரிலிருந்து வராத மாதங்களில் கடையில் வாங்கியதில் ஒரு தடவை நன்றாக ஏமாந்தேன். பேர்தான் கருப்பட்டி, உடைத்த இடம் பளபளவென்று மின்னியது, வாயில் போட்டால் வெறும் சீனித் தித்திப்பு, அந்தப் புகை வாசனையே இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு "இந்த விலைக்கு இதுதான் வரும்" என்றார். நேர்மையாகச் சொன்னதற்காக அவரிடமே இன்னும் மளிகை வாங்குகிறேன், கருப்பட்டி மட்டும் வாங்குவதில்லை.

ஆனால் கருப்பட்டி எல்லா மசாலாவோடும் சேராது, இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு வருஷங்கள் ஆயின. சுக்கு, மிளகு, சித்தரத்தை என்று காரமாகப் போட்டால் கருப்பட்டியை அடித்துக்கொள்ள ஆளில்லை, பால் இல்லாத கட்டன் டீயாக இருந்தால் இன்னும் விசேஷம். அதே கருப்பட்டியை ஏலக்காய் டீயில் ஊற்றினால் ஏலக்காய் போட்டதே தெரியாது, காசு தண்டம். பட்டை, கிராம்பு போட்டதற்கு நாட்டுச் சர்க்கரை. ஏலக்காய்க்கு வெள்ளைச் சீனிதான். ஆமாம், பரணிலிருந்து இறக்கிவிட்டேன்.

தேன், சுடச்சுட டீயில் ஊற்றினால் தேன் வாசனை போய் வெறும் இனிப்பு மட்டும் மிஞ்சுகிறது, அந்த விலைக்கு எனக்கு மனசு வரவில்லை. சீனித்துளசிப் பொடி (ஸ்டீவியா என்கிற இனிப்பு இலை) ஒரு மாதம் ஓடியது. முதல் வாய் நன்றாக இருக்கும், முழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நின்றுகொண்டு போகவே போகாது. அதிமதுரம் ஒரு துண்டு போட்டால் சீனியே தேவைப்படவில்லை, ஆனால் அம்மாவுக்கு பிரஷரும் உண்டு, தினமும் அதிமதுரம் சாப்பிட்டால் பிரஷர் ஏறும் என்று டாக்டர் சொன்னதும் நிறுத்திவிட்டோம்.

அம்மாவுக்குக் கடைசியில் சரிப்பட்டு வந்தது சோம்பு. கால் ஸ்பூன் சோம்பைத் தேயிலையோடு கொதிக்கவிட்டால் அதுவே ஒரு இனிப்பு வாசனையைக் கொடுத்து நாக்கை ஏமாற்றிவிடுகிறது. ஒன்றரை ஸ்பூனை மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து இப்போது கால் ஸ்பூன் சீனியில் நிற்கிறார். அப்பாவுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் ஒத்துவரவில்லை, தெருமுனைக் கடையில் இரண்டு ஸ்பூன் சீனி போட்டுக் குடித்துவிட்டு வந்துதான் வீட்டு டீயைப் பாராட்டுகிறார்.