நட்சத்திரத்தை வாங்கிய அணி, பிக்குகளை வாங்கிய அணி

2019 ஜூலையில் நடந்த ஒரே டிரேடில், அதாவது ஆட்டக்காரர் கைமாற்றத்தில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இரண்டு அணிகளின் அடுத்த ஆறேழு ஆண்டுகள் முடிவாகிவிட்டன. லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் பால் ஜார்ஜை வாங்கியது. ஒக்லஹோமா சிட்டி தண்டர் அவரைக் கொடுத்துவிட்டு, ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர், டனிலோ கலினாரி என இரண்டு ஆட்டக்காரர்களையும், 5 முதல் சுற்று பிக்குகளையும் (டிராஃப்டில் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகள்), 2 ஸ்வாப் உரிமைகளையும் வாங்கிக்கொண்டது. அந்த ஆண்டின் ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், கவாய் லெனர்டும் அதே கையோடு கிளிப்பர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கோடையில்தான் நானும் என் தம்பியும் இனி எந்த அணியை விடாமல் பார்ப்பது என்று ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அவன் கிளிப்பர்ஸ், நான் தண்டர். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம் கோப்பை மட்டும் அல்ல.

டிராஃப்ட் என்றால் என்ன என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும், தோற்ற அணிகளுக்கு முன்வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம். அடுத்த ஏழு ஆண்டுகள் வரைக்குமான பிக்குகளை இன்றே கைமாற்றலாம். ஸ்வாப் என்பது இரண்டு அணிகளின் பிக்குகளில் மேலானதை எடுத்துக்கொள்ளும் உரிமை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

கிளிப்பர்ஸ் செய்தது அன்றைக்குப் புத்திசாலித்தனமாகவே தெரிந்தது. ஒரே ஊரில் லேக்கர்ஸ் நிழலில் காலம்காலமாக வாழ்ந்த அணி அது. கவாய் வர வேண்டுமானால் கூட இன்னொரு பெரிய ஆட்டக்காரர் வேண்டும் என்று அப்போது பரவலாக எழுதினார்கள். 20 வயதுப் பையன் ஒருவனையும் எப்போதோ வரப்போகும் பிக்குகளையும் கொடுத்து இரண்டு நட்சத்திரங்களைச் சேர்ப்பதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஷே தன் முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 11 புள்ளிகூட எடுக்கவில்லை. அவர் லீகின் சிறந்த ஆட்டக்காரர் (எம்விபி) ஆவார் என்று அன்றைக்குச் சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பலனும் இல்லாமல் போகவில்லை. 2021-இல் கிளிப்பர்ஸ் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக மேற்கு மாநாட்டு இறுதிக்கு, அதாவது ஃபைனல்ஸுக்கு முந்தைய சுற்றுக்கு, போனது. ஆனால் அதற்கு முந்தைய சுற்றில், யூட்டா தொடரின் 4-ஆம் ஆட்டத்தில், கவாயின் முழங்கால் போய்விட்டது. அடுத்த பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. இங்கேதான் டிரேடின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பது தெரியும். கவாய் இல்லாத கிளிப்பர்ஸ் 2022-இல் பிளேஆஃப் எனப்படும் கோப்பைக்கான சுற்றுகளுக்குள் நுழையவில்லை. அதனால் அவர்கள் பிக் 12-ஆம் இடத்துக்கு ஏறியது. அந்த பிக் தண்டருடையது. அதில் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜேலன் வில்லியம்ஸை எடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஃபைனல்ஸில் இந்தியானாவுடன் 2-2 என்று இழுபறியாக நின்ற தொடரில், 5-ஆம் ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். ஒரு அணியின் துரதிர்ஷ்டம் இன்னொரு அணியின் இரண்டாவது நட்சத்திரமாக வந்து நின்றது. பால் ஜார்ஜ் 2024-இல் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு பிலடெல்பியாவுக்குப் போனார். கிளிப்பர்ஸுக்குப் பதிலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

தண்டர் பக்கம் இருந்தது சுகமான காலம் இல்லை. 2020-21 பருவத்தில் 22 வெற்றி, 50 தோல்வி (22-50), அடுத்ததில் 24-58. 2021 டிசம்பர் 2 அன்று மெம்பிஸிடம் 152-79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம், என்பிஏ வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. அந்த மாதிரி நாளில் 'பிக் நிறைய இருக்கிறது, பொறு' என்று சொல்பவர்மேல் கோபம்தான் வரும். 2022-இல் 2-ஆம் பிக்காக வந்த செட் ஹோம்க்ரென் பாதக் காயத்தால் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தார். பிறகு 40-42, 57-25, கடைசியில் 68-14 என்று ஏறி 2025 ஜூனில் 7-ஆம் ஆட்டத்தில் கோப்பை.

சரி, இதில் எல்லோரும் பேசும் விஷயம் சம்பளம். அது எளிது. சாம்பியன் ஆன பருவத்தில் ஜேலன் வில்லியம்ஸின் சம்பளம் 50 லட்சம் டாலருக்கும் குறைவு, அதே பருவத்தில் ஃபீனிக்ஸ் சன்ஸின் பிராட்லி பீல் வாங்கியது 5 கோடி டாலருக்கு மேல். டிராஃப்டில் வரும் ஆட்டக்காரர் முதல் நான்கு ஆண்டுகள் மலிவு. இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு. தவறு செய்துவிட்டால் கையில் என்ன மிச்சம் இருக்கிறது? எல்லா அணியும் தவறு செய்யும். யார் குறைவாகத் தவறு செய்தார்கள் என்று பார்ப்பதைவிட, தவறு எவ்வளவு விலை கேட்டது என்று பார்த்தால் இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

தண்டரின் தவறுகளை எடுத்துக்கொள்வோம். 2020-இல் 17-ஆம் பிக்காக வந்த அலெக்சேய் பொகுசேவ்ஸ்கி தேறவில்லை, 2024-இல் விடுவித்துவிட்டார்கள். பால் ஜார்ஜ் டிரேடில் வந்த மயாமியின் பிக்கில் 2021-இல் எடுத்த ட்ரே மேன் நிலைக்கவில்லை. அவரையும் சேர்த்துக் கொடுத்து 2024 பிப்ரவரியில் வாங்கிய கார்டன் ஹேவர்ட் அந்த பிளேஆஃபில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மூன்று வருங்கால முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து 11-ஆம் இடத்தில் எடுத்த உஸ்மான் டியெங் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. தண்டரைக் கட்டிய நிர்வாகி சாம் பிரெஸ்டியின் பெயரைச் சொல்லும்போது இவற்றை யாரும் சொல்வதில்லை. காரணம், இவை எதுவும் அணியைச் சாய்க்கவில்லை. அடுத்த பிக் இருந்தது, அதற்கடுத்ததும் இருந்தது.

இன்னும் ஒன்று. 2021-இல் 6-ஆம் பிக்காக வந்த ஜாஷ் கிடி நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் 2024 பிளேஆஃபில் டல்லாஸ் அவரைக் காவல் இல்லாமலே விட்டது. வெளியிலிருந்து போட்டால் போடட்டும் என்று அவருக்குரிய காவலாளியை உள்ளே நிறுத்தியது. தொடரின் நடுவிலேயே தொடக்க ஐவரிலிருந்து அவரை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோடையில் ஒரு பிக்கும் சேர்க்காமல், ஆளுக்கு ஆள் என்று சிகாகோவிடம் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை வாங்கினார்கள். ஐசையா ஹார்டென்ஸ்டைனை 3 ஆண்டுக்கு 8.7 கோடி டாலரில் எடுத்தார்கள். அடுத்த மே மாதம் டென்வருடன் 7-ஆம் ஆட்டம். தன்னைவிட அரையடி உயரமான நிகோலா யோகிச்சை கரூசோ முன்னால் நின்று மறித்தார், முதுகில் சாய்ந்தார், பந்து வருமுன் கையை நுழைத்துத் தட்டினார். யோகிச் பந்தை வாங்கவே சிரமப்பட்டார். தண்டர் 125-93 என்று ஜெயித்தது. கிடியை எடுத்த கணக்கு முழுதாகச் சரிவராதபோதும் அந்த பிக் வீணாகாமல் இப்படி வேறு உருவில் திரும்பி வந்தது.

இப்போது சன்ஸ். 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்டுக்காக மிகால் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், ஜே கிரவுடர் ஆகியோரையும் 2023, 2025, 2027, 2029 என நான்கு பாதுகாப்பில்லாத, அதாவது எந்த இடத்தில் வந்தாலும் கொடுத்தாக வேண்டிய, முதல் சுற்று பிக்குகளையும் 2028 ஸ்வாப்பையும் கொடுத்தார்கள். இதுவரைகூட நான் குறை சொல்ல மாட்டேன், டுரான்ட் டுரான்ட்தான். நான்கு மாதம் கழித்து பீல். அவருக்காக கிறிஸ் பாலோடு 2024, 2026, 2028, 2030 ஸ்வாப் உரிமைகளும் போயின. விதைநெல்லையும் குத்திச் சமைத்துவிட்ட வீடு அது. பீலின் ஒப்பந்தத்தில், அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்ப முடியாது என்ற விதி இருந்தது. அதோடு 2023-இல் வந்த புதிய ஒப்பந்த விதிகளின்படி, இரண்டாவது ஏப்ரன் எனப்படும் சம்பள வரம்பைத் தாண்டிய அணி, இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. ஆக, பீல் பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகும் அதைச் சரிசெய்ய வழியில்லை. மாற்ற முடிந்தது பயிற்சியாளரை மட்டும்தான், பீல் வந்த பிறகு இரண்டு ஆண்டுகளில் இரண்டு பேரை அனுப்பினார்கள். 2025 ஜனவரியில், மிச்சமிருந்த பெரிய பிக்கான 2031-ஐயும் யூட்டாவிடம் கொடுத்து மூன்று சுமாரான பிக்குகளாக உடைத்துக்கொண்டார்கள்.

2024-இல் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 4-0 தோல்வி, 2025-இல் 36-46, பிளேஆஃப் இல்லை. அந்தத் தோல்வியால் சன்ஸின் பிக் 10-ஆம் இடத்துக்கு ஏறியது. ஆனால் அது புரூக்ளின் வழியாக ஹூஸ்டன் கைக்குப் போயிருந்தது. அந்தக் கோடையில் டுரான்டை ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது ஜேலன் கிரீன், டிலன் புரூக்ஸ் ஆகியோரோடு அந்த 10-ஆம் பிக்கும் வந்தது. தன் சொந்த பிக்கை, டுரான்டைக் கொடுத்து மீட்டார்கள். பீலுக்குப் பணம் பேசி விடுவித்த வகையில், அவர் வேறு அணியில் ஆட, இவர்கள் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் ஐந்து ஆண்டுகளுக்கு நிற்கும். தண்டருக்கு ஒரு தவறின் விலை ஒரு பிக் என்றால், சன்ஸுக்கு அது ஒரு பத்தாண்டில் பாதி.

நட்சத்திரத்தை வாங்கி ஜெயித்தவர்கள் இல்லாமல் இல்லை. 2018-இல் டொராண்டோ கவாயை வாங்கி அடுத்த ஆண்டே கோப்பை எடுத்தது. 2019-இல் லேக்கர்ஸ் ஆன்டனி டேவிஸை வாங்கியது, 2020-இல் ஜெயித்தது. மில்வாக்கி 2020-இல் ஜ்ரூ ஹாலிடேவுக்கு மூன்று முதல் சுற்று பிக்குகளும் இரண்டு ஸ்வாப்களும் கொடுத்தது, 2021-இல் ஜெயித்தது. டொராண்டோவும் மில்வாக்கியும் கடைசிச் செங்கல்லை மட்டும்தான் வெளியே வாங்கின. மில்வாக்கியில் யானிஸ் 15-ஆம் பிக்காக வந்து வளர்ந்தவர். டொராண்டோவில் பாஸ்கல் சியாகம் 27-ஆம் பிக், பிரெட் வான்வ்லீட்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை.

டிராஃப்ட் வழியும் உத்தரவாதம் இல்லை. டெட்ராய்ட் 2023-இலும் 2024-இலும் கடைசி இடத்தில் முடித்தும் இரண்டு முறையும் 5-ஆம் பிக்தான் கிடைத்தது. டல்லாஸ் 2025-இல் 1.8 சதவீத வாய்ப்போடு முதல் பிக்கைத் தட்டிச் சென்றது. பிலடெல்பியா வேண்டுமென்றே ஆண்டுக்கணக்கில் தோற்று, 2015-16-இல் 10-72 வரை இறங்கியும் கிழக்கு இறுதியைக்கூட எட்டவில்லை. எந்தக் கல்லூரி ஆட்டக்காரர் தேறுவார் என்று கணிக்கும் இடத்தில் என் பேச்சை நம்ப வேண்டாம். கல்லூரி ஆட்டங்களை நான் துண்டு வீடியோக்களில்தான் பார்க்கிறேன். ஷேவே டிராஃப்டில் தண்டர் எடுத்தவர் இல்லை, டிரேடில் வந்தவர். அதனால் 'பிக்கை மட்டும் நம்பு' என்பது என் வாதம் அல்ல.

தண்டரின் மலிவுக் காலமும் முடிகிறது. 2025 கோடையில் ஷே, ஹோம்க்ரென், ஜேலன் வில்லியம்ஸ் மூவருக்கும் போட்ட நீட்டிப்புகள் சேர்ந்து 80 கோடி டாலரைத் தாண்டலாம். பின்னிருவரின் புதிய சம்பளம் 2026-27-இல் தொடங்குகிறது. அதே இரண்டாவது ஏப்ரன் இவர்கள் கழுத்தையும் நெருக்கும். யாரையாவது விட வேண்டி வரும். அப்போது அந்த இடத்துக்கு மலிவான புது ஆளைக் கொண்டுவர பிக் கையிருப்பு இருக்கிறது என்பதுதான் இவர்களுக்கும் சன்ஸுக்கும் வித்தியாசம்.

இனி ஒரு கோடை டிரேடு செய்தி வந்தால், வந்த ஆளின் பெயருக்கு முன் போன பிக்குகளின் ஆண்டுகளைப் பாருங்கள். 2025 ஜூனில் ஒர்லாண்டோ, டெஸ்மண்ட் பேனுக்காக நான்கு முதல் சுற்று பிக்குகளும் ஒரு ஸ்வாப்பும் மெம்பிஸுக்குக் கொடுத்தது. பவ்லோ பான்கெரோ, பிரான்ஸ் வாக்னர் இருவரும் அவர்களே டிராஃப்டில் எடுத்து வளர்த்தவர்கள் என்பதால் இதை நான் சன்ஸ் கணக்கில் சேர்க்கவில்லை, மில்வாக்கிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஆனாலும் ஆண்டுதோறும் சிறந்தவர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வாகாத ஒருவருக்காக 2028, 2030 என்று இரண்டு சொந்த பிக்குகளைப் பாதுகாப்பில்லாமல் கொடுத்தது அதிகம். 2030-க்காவது ஒரு பாதுகாப்பு கேட்டு இன்னும் கொஞ்சம் பேரம் பேசியிருக்க வேண்டும்.