பழைய ப்ளூத்னர் கிராண்ட் பியானோ: வாங்க நினைப்பவருக்கு ஒரு மதிப்பீடு

ஜெர்மனியின் லைப்சிக் நகரில், முதல் உலகப் போருக்கு முன்பு செய்யப்பட்ட ப்ளூத்னர் கிராண்ட் பியானோக்கள் ஐரோப்பியப் பழம்பொருள் சந்தையில் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அதே காலத்தில் செய்யப்பட்ட, புகழ்பெற்ற ஸ்டைன்வே நிறுவனத்தின் பியானோக்களைவிடப் பொதுவாக விலை குறைவு. வீட்டில் நிதானமாக வாசிப்பவருக்கு இவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வேகமான கச்சேரி உருப்படிகளைப் பயில்பவருக்கு அவ்வளவு எளிதாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் ஒலி. பியானோவின் மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று தந்திகள் இருப்பது வழக்கம். நிறுவனர் யூலியுஸ் ப்ளூத்னர் 1873இல் காப்புரிமை பெற்ற அலிகோட் முறையில் அங்கே நான்காவதாக ஒரு தந்தி சேர்கிறது. சுத்தியல் அதைத் தொடுவதில்லை. மற்ற மூன்றும் ஒலிக்கும்போது, சிதாரின் தரப் தந்திகளைப் போல, அதுவும் தானாக அதிர்கிறது. விற்பவர்கள் வர்ணிக்கும் அளவுக்கு இதன் விளைவு பெரிதல்ல. மெல்ல வாசித்து, கட்டையை விடாமல் அழுத்தி வைத்திருந்தால்தான் அந்த மெல்லிய பளபளப்பு காதில் படும். நான்காம் தந்தியின் சுருதி சற்று விலகினாலோ மேல் ஸ்தாயி முழுவதும் கலங்கிவிடும். ஆகவே இந்த அமைப்பை அறிந்த ஒருவரே சுருதி சேர்க்க வேண்டும். என்னைக் கவர்ந்தது அலிகோட்டைவிட நடு ஸ்தாயிதான்: மனிதக் குரலுக்கு நெருக்கமான, உரத்துப் பேசாத கனிவு அங்கே இருக்கிறது.

குறை, கட்டையை அழுத்தும்போது சுத்தியலைத் தந்தியில் அடிக்கச் செய்யும் இயக்கப் பொறியில் உள்ளது. பாரிஸின் செபாஸ்தியன் எரார் உருவாக்கி, 1821இல் காப்புரிமை பெறப்பட்ட பொறியின் வழிவந்தவற்றில், கட்டை முழுவதும் மேலெழுவதற்கு முன்பே அதே ஸ்வரத்தை மீண்டும் ஒலிக்கச் செய்யலாம். ப்ளூத்னர் தமக்கென வடிவமைத்துப் பழைய பியானோக்களில் பொருத்திய எளிய பொறியில் தொடுகை இலேசாக இருந்தாலும், மென்மையாகத் திரும்பத் திரும்ப ஒரே கட்டையை வாசிக்கும்போது ஸ்வரம் தவறிப்போகக்கூடும். எனவே வாங்குமுன் எந்தப் பொறி உள்ளது என்று பார்த்துவிடுவது நல்லது.

யூலியுஸ் 1853இல் தொடங்கிய பட்டறை இன்றும் அவருடைய குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது, ஆனால் இடைவெளியின்றி அல்ல. 1932இல் பொறுப்பு மருமகன் வழிக்குச் சென்றது. 1943இன் குண்டுவீச்சில் தொழிற்சாலை அழிந்தது. 1972இல் கிழக்கு ஜெர்மன் அரசு நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியது. ஜெர்மனி இணைந்த காலத்தில், 1990இல், ப்ளூத்னர் மீண்டும் குடும்பத்திடம் வந்தது. ஆகவே இரும்புச் சட்டத்தில் உள்ள வரிசை எண்ணைக் கொண்டு, பியானோ இவற்றுள் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று உறுதிசெய்துகொண்ட பிறகே விலை பேச வேண்டும்.

இந்தியாவுக்குக் கொண்டுவர எண்ணுபவர் வேறிரண்டைக் கவனிக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரமும், அதற்கு மாறாகக் குளிர்சாதன அறையின் வறட்சியும் மாறி மாறித் தாக்கினால், பழைய ஒலிப்பலகையில் விரிசல் விழும். சுருதி ஆணிகளும் தளரும். இரண்டாவதாக, அக்காலக் கட்டைகள் பலவற்றின் மேற்பூச்சு யானைத் தந்தம். அது அனைத்துலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்துக்கும் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் உட்பட்ட பொருள் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கட்டையின் மேற்பூச்சு என்ன என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுவிட வேண்டும்.